கம்பியில்லா வலையில் முகவரி கிட்டாமை: காரணமும் பரிகாரமும்

பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு கணினி, வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையில் இணைந்துவிட்டதாகக் காட்டும். அலையின் வலிமையைக் குறிக்கும் கோடுகள் முழு அளவில் நிற்கும். ஆயினும் ஒரு செய்தியும் வாராது. ஒரு செய்தியும் போகாது. சற்று ஆராய்ந்தால், அக்கணினிக்கு ஐ.பி. முகவரி கிட்டவில்லை என்பது புலனாகும். மாணவர்கள் கணினி வழியே தேர்வு எழுத வேண்டிய காலையிலோ, களப்பணியாளர் மாத அறிக்கையை அனுப்ப வேண்டிய இறுதி நாளிலோ இக்குறை நேரிட்டால், அதனால் விளையும் இழப்பு சிறிதன்று. அத்தருணத்தில் பலர் கைக்கு எட்டிய கருவிகளையெல்லாம் அணைத்து மீண்டும் இயக்குவர். கடவுச்சொல்லைப் பலமுறை மாற்றி எழுதுவர். இறுதியில் நல்ல கருவியைப் பழுதென்று ஒதுக்கிவைப்பர். இவற்றுள் எதுவும் தேவையில்லை. முகவரி பெறுதல் என்பது நான்கே செய்திகளாலான ஓர் உரையாடல் ஆகும். அவற்றுள் எந்தச் செய்தி தவறியது என்பதை அறிந்தால், குறை எவ்விடத்தில் உள்ளது என்பது தானே விளங்கும். இக்கட்டுரை அம்முறையை விளக்குகின்றது.

முகவரி வழங்கும் முறை

வலையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனக்கென ஓர் எண் முகவரி வேண்டும். இன்றும் பெருவழக்கிலுள்ள நான்காம் பதிப்பில், இம்முகவரி 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளியிட்டுப் பிரித்து எழுதப்படும், 192.168.1.25 என்பது ஓர் எடுத்துக்காட்டு. ஒரே வலையில் இரு கருவிகள் ஒரே முகவரியைக் கொள்ளலாகாது.

கருவிகள் சிலவாக இருந்த காலத்தில் முகவரிகளைக் கையால் எழுதிவைப்பது வழக்கம். கருவிகள் பெருகவே, அவற்றுக்குத் தாமாகவே முகவரி வழங்கும் விதிமுறை இன்றியமையாததாயிற்று. 1985-ஆம் ஆண்டில் பூட்-பி என்னும் விதிமுறை வெளிவந்தது. அதனை விரிவாக்கி 1993-ஆம் ஆண்டில் டி.எச்.சி.பி. என்னும் விதிமுறை வகுக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான அதன் திருத்திய வடிவமே இன்றும் அடிப்படையாக விளங்குகின்றது. முகவரி வழங்கும் பணியைச் செய்யும் கருவி ‘வழங்கி’ எனப்படும். சிறு பள்ளிகளில் ரவுட்டரே வழங்கியாகவும் இருக்கும்; பெரிய நிலையங்களில் வழங்கி தனிக் கணினியாக இருத்தலும் உண்டு.

இம்முறையை ஒரு சத்திரத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டுக் காணலாம். இரவில் வந்து சேர்ந்த வழிப்போக்கருக்கு மணியக்காரர் யார் என்பது தெரியாது. ஆதலின் அவர் முற்றத்தில் நின்று, ‘இங்கே அறை கிடைக்குமா?’ என்று யாவருக்கும் கேட்கும்படி உரக்க வினவுகின்றார். மணியக்காரர், ‘பதினான்காம் அறை காலியாக உள்ளது’ என்கின்றார். ‘அவ்வறையையே எடுத்துக்கொள்கின்றேன்’ என்று வழிப்போக்கர் விடையளிக்கின்றார். மணியக்காரர் ஏட்டில் பெயரைப் பதிந்து, ‘நாளைக் காலை வரை அறை உமது’ என்று உறுதி கூறுகின்றார். தேடல், அளிப்பு, வேண்டுகோள், உறுதி ஆகிய இந்நான்கே டி.எச்.சி.பி.யின் நான்கு செய்திகள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் முகவரி தரப்படுவதால் அக்காலம் ‘குத்தகை’ எனப்படும். குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி தானாகவே நீட்டிப்புக் கேட்கும்.

இணைதல் வேறு, முகவரி பெறுதல் வேறு

கம்பியில்லா வலையில் இருபடிகள் உள்ளன. முதற்படியில் கருவி, ஆக்சஸ் பாயிண்ட் எனப்படும் அலைநிலையத்தோடு இணைந்து, கடவுச்சொல்லின் வழியே தன்னை மெய்ப்பித்துக்கொள்கின்றது. இரண்டாம் படியில்தான் முகவரி கேட்கின்றது. இக்காலத்துப் பாதுகாப்பு முறைகளில் கடவுச்சொல் தவறானால் முதற்படியே நிறைவேறாது. ஆதலின், ‘இணைந்தது, ஆனால் முகவரி இல்லை’ என்னும் நிலையில் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் எழுதுவதால் பயனில்லை. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. பழைய டபிள்யூ.இ.பி. என்னும் முறையில், தவறான சாவியோடும் கருவி இணைந்ததுபோல் தோன்றும். ஆயின் அனுப்பும் செய்திகளை மறுமுனை படிக்கவியலாததால் முகவரி கிட்டாது. பாதுகாப்பற்றதென்று கண்டு 2004-ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட இம்முறை இன்னும் வழங்கும் இடமிருப்பின், அதனை மாற்றுதலே முறை.

குறி கண்டு நிலை அறிதல்

நோயாளியின் நாடியை மருத்துவர் முதலில் நோக்குவதுபோல, கருவியில் இப்போதுள்ள முகவரியை முதலில் நோக்குதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் ‘ஐ.பி.கான்பிக்’ என்னும் கட்டளையாலும், கைபேசியில் வைஃபை அமைப்புப் பக்கத்திலும் இதனைக் காணலாம். நான்கு நிலைகள் காணக்கூடும்.

முதலாவது, முகவரி 169.254 என்று தொடங்குதல். கருவி பலமுறை கேட்டும் விடை வாராமையால், தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்பது இதன் பொருள். சத்திரத்தில் விடையளிப்பார் ஒருவருமின்மையால் வழிப்போக்கர் திண்ணையில் படுத்ததை இது ஒக்கும். இம்முகவரியால் வெளியிணையத்தை அடைய இயலாது.

இரண்டாவது, முகவரி 0.0.0.0 என நிற்றல், அல்லது ‘முகவரி பெறப்படுகின்றது’ என்னும் அறிவிப்பு நெடுநேரம் நின்று பின் தொடர்பு அறுதல். கைபேசிகளில் இது பெரும்பான்மை. இதன் பொருளும் ஏறத்தாழ முன்னதே.

மூன்றாவது, முகவரி முறையாகத் தோன்றினும் அந்நிலையத்தின் தொடருக்கு மாறாக இருத்தல். நிலையத்தின் முகவரிகள் 10.20.5 என்று தொடங்க, ஒரு கணினியில் மட்டும் 192.168.0 என்று காணப்பட்டால், உரிமையில்லாத வேறொரு வழங்கி வலையில் புகுந்துள்ளது என்று ஐயுறல் வேண்டும்.

நான்காவது, முகவரி சரியாகவே இருத்தல். அவ்வாறாயின் குறை வேறிடத்தது; இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அவசரம் தகாது என்பதும் நினைவிற்குரியது. முதல் அழைப்புக்கு விடை வாராவிடின், கருவி ஏறத்தாழ 4 விநாடி கழித்தும், பின்னர் 8, 16, 32 விநாடி என இடைவெளியை இருமடங்காக்கியும் மீண்டும் அழைக்குமாறு விதிமுறை பரிந்துரைக்கின்றது. ஐந்தாறு விநாடிக்குள் கருவியை அணைத்துவிடுவார், விடை வரும் வாய்ப்பையே அழித்துவிடுகின்றார். குறைந்தது ஒரு நிமிடம் காத்திருத்தல் நன்று.

பரிசோதனையின் வரிசை

1. குறையின் பரப்பை அளத்தல். ஒரு கருவிக்கு மட்டும் குறையா, ஓர் அறையிலுள்ள யாவற்றுக்குமா, நிலையம் முழுமைக்குமா என்பதை முதலில் துணிதல் வேண்டும். ஒரு கருவிக்கு மட்டுமெனில் குறை பெரும்பாலும் அக்கருவியில் அல்லது அதன்மீது விதிக்கப்பட்ட தடையில் உள்ளது. ஓர் அறைக்கெனில் அவ்வறையின் ஆக்சஸ் பாயிண்டையும் அதன் கம்பியையும் நோக்குக. நிலையம் முழுமைக்குமெனில் வழங்கியை நோக்குக. இவ்வொரு வினா வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

2. கருவியின் அமைப்பை நோக்குதல். முன்னொருகால் எவரேனும் கையால் முகவரி எழுதிவைத்திருந்தால், கருவி வழங்கியை வினவவே செய்யாது. முகவரி ‘தானாகப் பெறுக’ என்னும் நிலையில் இருத்தல் வேண்டும். ஆக்சஸ் பாயிண்டில் மாக் முகவரி எனப்படும் வன்பொருள் எண்களின் அனுமதிப் பட்டியல் உள்ளதா என்பதையும் காண்க. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 10, 2020-ஆம் ஆண்டில் வெளியான ஐ.ஓ.எஸ். 14 முதலாகக் கைபேசிகள் தம் உண்மையான வன்பொருள் எண்ணை மறைத்து, வேறோர் எண்ணைக் காட்டுவது இயல்பான அமைப்பாயிற்று. பட்டியலில் உண்மை எண் எழுதப்பட்டிருக்க, கைபேசி வேறெண்ணோடு வந்தால் அது விலக்கப்படும்.

3. அலைநிலையத்தின் அருகே செல்லுதல். கருவியை ஆக்சஸ் பாயிண்டுக்குச் சில மீட்டர் தொலைவில் கொண்டுசென்று முயல்க. ஆக்சஸ் பாயிண்டின் குரல் கருவிக்குக் கேட்டாலும், கருவியின் மெல்லிய குரல் ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேளாதிருத்தல் உண்டு. திரையில் காணும் கோடுகள் கருவி கேட்பதை மட்டுமே அளக்கின்றன. அது பேசுவது கேட்கப்படுகின்றதா என்பதை அவை கூறா. மேலும், ஆக்சஸ் பாயிண்ட் யாவருக்குமாக ஒலிக்கும் பொதுச்செய்திகளுக்கு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் திரும்பி வருவதில்லை. தவறினால் அவை அலைவழியே மீண்டும் அனுப்பப்படுவதும் இல்லை. வழங்கியின் விடை பொதுச்செய்தியாக வரும்போது, அலை நலிந்த இடத்தில் அது எளிதில் தொலைந்துபோகும்.

4. கம்பியால் சோதித்தல். ஆக்சஸ் பாயிண்ட் இணைக்கப்பட்டுள்ள சுவிட்சிலேயே ஒரு மடிக்கணினியைக் கம்பியால் இணைத்துப் பார்க்க. சில சுவிட்சுகளில் இணைப்பு உயிர்பெற 30 விநாடி வரை ஆகும். கம்பி வழியே முகவரி கிட்டினால், வழங்கி நலமாக உள்ளது. குறை அலைப் பகுதியில் உள்ளது. கிட்டாவிடின் குறை சுவிட்சுக்கு அப்பால் உள்ளது. பெரிய நிலையங்களில் ஒரே சுவிட்சில் பல தனி வலைகள் வி.லேன் என்னும் முறையால் பிரிக்கப்பட்டிருக்கும். அங்கே, கம்பியில்லாக் கருவிகளுக்குரிய அதே பிரிவில் சோதித்தாலன்றி முடிவு பிழைபடும்.

5. தற்காலிக முகவரியால் சோதித்தல். வழங்கியின் தொகுதிக்குப் புறம்பான, வேறெவரும் பயன்படுத்தாத ஒரு முகவரியைக் கருவியில் கையால் எழுதி, ‘பிங்’ கட்டளையால் ரவுட்டரை அழைக்க. ரவுட்டர் விடையளித்தால் பாதை செவ்வையாக உள்ளது. குறை வழங்கியிலோ அதன் தொகுதியிலோ உள்ளது. விடை வாராவிடின் பாதையே அறுந்துள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சோதனை முடிந்ததும் அம்முகவரியைத் தவறாமல் நீக்குதல் வேண்டும்.

6. வழங்கியின் பதிவேட்டைப் படித்தல். நான்கு செய்திகளுள் எது வரை நிகழ்ந்தது என்பது அங்கே பதிவாகியிருக்கும். பதிவேடு இல்லாவிடத்து, வயர்ஷார்க் போன்ற கருவிநிரலால் வலையிற் செல்லும் செய்திகளைப் பிடித்து நோக்கலாம்.

எச்செய்தி தவறியது?

தேடல் வழங்கியை அடையவேயில்லை எனில், போகும் பாதையில் குறை உள்ளது. ஆக்சஸ் பாயிண்டின் கம்பி அறுந்திருக்கலாம். சுவிட்சில் உரிய வி.லேன் திறக்கப்படாதிருக்கலாம். பொதுஅழைப்பு ரவுட்டரைக் கடந்து செல்லாது. முற்றத்தில் எழுப்பிய குரல் மதிலுக்கு அப்பால் கேளாதது போல. வழங்கி மறுவலையில் இருப்பின், அழைப்பை ஏந்திச் சென்று சேர்க்கும் ‘ரிலே’ அமைப்பு ரவுட்டரில் இருத்தல் வேண்டும்.

தேடல் வந்தும் அளிப்பு எழவில்லை எனில், வழங்கியிடம் கொடுப்பதற்கு முகவரி இல்லை. அல்லது அவ்வலைக்குரிய தொகுதி வரையறுக்கப்படவில்லை. அல்லது அக்கருவி தடுக்கப்பட்டுள்ளது.

அளிப்பு எழுந்தும் கருவியை அடையவில்லை எனில், திரும்பும் பாதையில் குறை உள்ளது. போலி வழங்கிகளைத் தடுக்கும் காவல் அமைப்பு சுவிட்சில் இயங்கும்போது, மெய்யான வழங்கி இணைந்துள்ள வாயிலை ‘நம்பத்தக்கது’ எனக் குறிக்க மறந்தால், அதன் விடையும் தடுக்கப்படும். புதிய சுவிட்ச் அமைத்த மறுநாள் யாவரும் முகவரி இழப்பதற்கு இஃதொரு காரணம்.

வேண்டுகோளுக்கு உறுதிக்குப் பதிலாக மறுப்பு வந்தால், கருவி வேறிடத்தில் பெற்ற பழைய முகவரியையே கேட்கின்றது என்று அறிக. நல்ல கருவி மறுப்புக்குப் பின் புதிதாகத் தேடத் தொடங்கும். தொடங்காவிடின், அவ்வலையின் பதிவைக் கருவியிலிருந்து நீக்கி மீண்டும் இணைத்தல் போதும்.

உறுதி வந்த பின்னரும் கருவி முகவரியை ஏற்காது திருப்பினால், அம்முகவரியை வேறொரு கருவி முன்னரே கொண்டுள்ளது. எவரோ தொகுதிக்குள் உள்ள எண்ணைக் கையால் எழுதிவைத்ததே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

முகவரித் தொகுதி நிரம்புதல்: ஒரு கணக்கு

ஒரு பள்ளியில் நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 40 பலகைக் கணினிகளாக மொத்தம் 160 உள்ளன என்று கொள்க. ரவுட்டரின் தொகுதி 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை, அஃதாவது 100 முகவரிகள். குத்தகைக் காலம் 24 மணி. முதற்பாடவேளையில் முதல் வகுப்பின் 40 கணினிகள் முகவரி பெறுகின்றன. அவ்வகுப்பு முடிந்து கணினிகள் பெட்டியில் வைக்கப்பட்டாலும் அவற்றின் குத்தகை மறுநாள் வரை நிற்கும். இரண்டாம் வகுப்புக்கு மேலும் 40. எஞ்சியவை 20. மூன்றாம் வகுப்பில் முதலில் இயக்கிய 20 மாணவர்க்கு முகவரி கிட்டும். ஏனைய 20 பேருக்குக் கிட்டாது. நான்காம் வகுப்பில் ஒருவருக்கும் கிட்டாது.

இங்கே ஆசிரியர் எளிதில் ஏமாறக்கூடும். ஒரே அறையில், ஒரே வகைக் கணினிகளுள் பாதி இயங்கப் பாதி இயங்காமையால், இயங்காதவை பழுதென்று எண்ணிச் செப்பனிட அனுப்புவார். ஆனால் ஞாயிறு கழிந்து திங்களன்று காலையில் அவற்றையே முதலில் இயக்கினால், குறையின்றி முகவரி பெறும். பழுது கணினியில் இல்லை. ஏட்டின் பக்கம் நிரம்பியதில் உள்ளது.

பரிகாரம் இரண்டு. தொகுதியை 192.168.1.20 முதல் 192.168.1.249 வரை விரித்தால் 230 முகவரிகள் கிடைக்கும். ரவுட்டருக்கும் அச்சுப்பொறிக்கும் கையால் கொடுத்த எண்கள் அவ்வெல்லைக்கு வெளியே இருத்தல் வேண்டும். குத்தகையை 2 மணியாகச் சுருக்கினால், பயன்படாத முகவரிகள் விரைவில் மீளும். எனினும் முன்னரே கொடுத்த குத்தகைகள் பழைய காலம் முடியும்வரை நிற்கும் என்பதால், மாற்றத்தின் பயன் உடனே தெரியாது. ஆதலின் தேர்வுக்கு முதல்நாளே இதனைச் செய்தல் நன்று.

மின்தடையும் போலி வழங்கியும்

மின்சாரம் நின்று மீளும்போது, ரவுட்டர் எழுமுன் ஆக்சஸ் பாயிண்ட் எழுந்துவிடின், கருவிகள் கேட்கும் வேளையில் விடையளிப்பார் இரார். விண்டோஸ் கணினி 169.254 என்னும் எண்ணைச் சூடிக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையே மீண்டும் வினவும். ரவுட்டர் முழுதும் எழுந்தபின் கணினியின் வைஃபையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும். சில சிறு ரவுட்டர்கள் மின்தடையில் குத்தகை ஏட்டையே மறந்துவிடும். பின்னர் ஒருவரிடமுள்ள முகவரியை மற்றொருவருக்கும் வழங்க முற்படும். ரவுட்டருக்குச் சிறு மின்கல இருப்பு அமைப்பது இவ்விடரைப் பெரிதும் தவிர்க்கும்.

அலை எட்டாத அறைக்கென எவரேனும் வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொணர்ந்து, அதன் உள்வலை வாயிலில் பள்ளியின் கம்பியைச் செருகினால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். ஒரு சத்திரத்தில் இரு மணியக்காரர் தோன்றிய நிலை இது. எவர் விடை முந்துகின்றதோ அவர் சொல்லையே வழிப்போக்கர் கேட்பார். அத்தகைய ரவுட்டரில் வழங்கும் பணியை நிறுத்தி, அதற்கு மோதாத ஒரு முகவரி கொடுத்து, ஆக்சஸ் பாயிண்டாக மட்டும் பயன்படுத்தலாம்.

செய்யத் தகாதவை

குறை தோன்றியவுடன் கருவிகள்தோறும் கையால் முகவரி எழுதுவது அன்றைய வேலையை நடத்திவிடும். ஆனால் சில வாரங்களில் அவ்வெண்களே வழங்கியின் எண்களோடு மோதி, காரணம் புலப்படாத புதிய குறைகளை விளைக்கும். யாவற்றையும் ஒருசேர அணைத்து இயக்குவதும் தகாது. குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாமற் போவதால், அது மீண்டும் வரும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து, அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

வகுப்பறைச் செய்முறை

மாணவர்க்கு இதனைக் கற்பிக்க, ஒருவரை மணியக்காரராக அமைத்து அவரிடம் மூன்று எண் சீட்டுகளை மட்டும் கொடுத்து, ஐவரை ஒருவர்பின் ஒருவராக வரச்செய்யலாம். நான்காமவர் வெறுங்கையோடு நிற்பார். பின்னர் இரண்டாம் மணியக்காரர் ஒருவரை நுழைத்து விளைவைக் காட்டலாம். உதிரி ரவுட்டர் இருப்பின், அதன் தொகுதியை இரண்டு முகவரிகளாகச் சுருக்கி மூன்று கைபேசிகளை இணைத்துக் காட்டுக. அந்த ரவுட்டரைப் பள்ளியின் கம்பி வலையோடு இணைத்தல் ஆகாது. இணைத்தால் பாடம் கற்பிக்க வந்த கருவியே போலி வழங்கியாகிவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்படுகின்றது. இதனால் அறியப்படுவது யாது?

2. கம்பியால் முகவரி கிட்டுகின்றது, அலையால் கிட்டவில்லை. அடுத்து நோக்க வேண்டியவை எவை?

3. தொகுதியில் 60 முகவரிகள். குத்தகை 24 மணி. வகுப்புக்கு 35 கருவிகள். இரண்டாம் வகுப்பில் எத்தனை மாணவர்க்கு முகவரி கிட்டாது? காரணமும் பரிகாரமும் கூறுக.